தவசியின் லாரிக்குப் பூட்டுப் போட்டது யார்?

கையடக்க கேம் மெஷின் பழுது பார்க்கிறவனுக்கு இரண்டு பேருடன் தீராத வழக்கு உண்டு. ஒருவர், மெஷினைக் கீழே போட்டு உடைக்கிற வாடிக்கையாளர். இன்னொருவர், அதைத் தயாரித்த கம்பெனிக்காரர். முதலாமவரால் எனக்குச் சோறு, இரண்டாமவரால் எனக்கு ரத்தக் கொதிப்பு. மாத்திரைச் சீட்டை வேண்டுமானாலும் காட்டுகிறேன்.

சிம்மக்கல்லில் பேப்பர் கப் மொத்தமாக விற்கிற கடைக்கு மேலே, மாடியில் என் கடை. நானும் ஷாகுலும் இரண்டே பேர். நான் வாய், அவன் கை. எறும்பு ஊர்ந்தால் மறைந்துவிடும் அளவுக்குச் சின்னதான புள்ளிகளைக்கூடப் பிசிறில்லாமல் பற்றவைக்கிறவன் அவன். வருகிறவர்களிடம் பேசுவதும், கம்பெனியைத் திட்டுவதும் என் இலாகா.

நீங்கள் கேம் விளையாடாதவராக இருக்கலாம். பரவாயில்லை. காசு கொடுத்து வாங்கிய பிரிண்டர், வேறு கடை மையை ஊற்றியதும் முகத்தைத் திருப்பிக்கொண்ட அனுபவம் உங்களுக்கு இருக்கிறதா? போனுக்குப் புது டிஸ்ப்ளே மாற்றியபின், ‘இது யார் போட்டது’ என்று அந்தப் போனே உங்களைக் கேட்டிருக்கிறதா? அப்படியானால் நீங்களும் என் கட்சிதான். இப்படி வந்து உட்காருங்கள், சேர்ந்தே வயிறெரிவோம்.

மூன்று கால் திருகு

உலகத்தில் திருகு என்றால் ஒற்றைக் கோடு இருக்கும், இல்லாவிட்டால் பிளஸ் குறி இருக்கும். எங்கள் மெஷின்களில் பாதிக்கு மேல் இந்த இரண்டும் கிடையாது. தலையில் மூன்று கால் விரித்த மாதிரி ஒரு பள்ளம். அதற்கான திருப்புளி சிம்மக்கல் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. ஹார்டுவேர் கடைக்காரர் திருகை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, இது எந்த நாட்டுச் சாமான் என்று கேட்டார். கடைசியில் ஷாகுல் சைக்கிள் கம்பி ஒன்றை எடுத்து, சாயங்காலம் வரை அரத்தில் தேய்த்து, அவனே ஒரு திருப்புளி செய்தான். இன்றுவரை அதுதான் எங்கள் கடையின் சொத்து.

அந்தத் திருகைக் கழற்றினால் அடியில் ஒரு ஸ்டிக்கர். கிழித்தால்தான் உள்ளே போகலாம், கிழித்தால் உத்தரவாதம் ரத்து. முதல் தடவை அந்த ஸ்டிக்கரைப் பார்த்தபோது நான் ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன், எழுத முடியாது. ஷாகுல் கெட்ட வார்த்தை பேசமாட்டான். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னான்: “வீட்ட நமக்கு வித்துட்டு சாவிய அவனே வச்சுக்கிட்டான்ணே. சன்னல் வழியா ஏறிக் குதிச்சா நம்மளத் திருடன்ங்கிறான்.”

சந்தனப் பொட்டு

தல்லாகுளத்திலிருந்து சேதுராமன் சார் வந்தார். கோர்ட்டில் எழுத்தர். பென்ஷனுக்கு இன்னும் சில மாதம்தான் பாக்கி. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சீட்டாட்டம் ஆடுவதற்காகவே ஒரு மெஷின் வைத்திருந்தார். வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை, உத்தரவாதம் முழுசாக இருந்தது. மெஷின் எழுந்திருக்கவே இல்லை என்று கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு அனுப்பியிருக்கிறார். ‘திரவத்தால் சேதம், உபயோகிப்பாளரின் தவறு, உத்தரவாதம் செல்லாது’ என்று ஒரு தாளோடு திரும்பி வந்துவிட்டது.

திறந்து பார்த்தோம். காற்றுப் போகிற சல்லடையில் மஞ்சளாக ஏதோ காய்ந்து கிடந்தது. ஷாகுல் மோந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். ஆயுத பூஜையன்று சார் ஸ்கூட்டர், கால்குலேட்டர், ஸ்டேப்ளர், தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்திருக்கிறார். இதற்கும் பன்னீரில் குழைத்த சந்தனம் வைத்து, குங்குமமும் வைத்திருக்கிறார். நடுவில் வைத்தால் திரை மறையுமே என்று பார்த்துப் பார்த்து மேல் ஓரத்தில் வைத்திருக்கிறார். அங்கேதான் சல்லடை. உள்ளே ஈரம் பட்டால் சிவக்கிற ஒரு சின்னச் சீட்டு இருக்கும். அது குங்குமத்துக்குப் போட்டியாகச் சிவந்திருந்தது.

இத்தனைக்கும் உள்ளே கெட்டுப்போனது ஒரே ஒரு மின்விசிறி, கட்டைவிரல் நகம் அளவு. அதை மட்டும் தனியாக விற்றால் கம்பெனி என்ன முழுகியா போய்விடும்? விற்கமாட்டார்கள். மொத்தப் போர்டையும் வாங்கு என்பார்கள். இன்னொரு செத்த மெஷினிலிருந்து விசிறியைப் பிடுங்கிப் போட்டுக் கொடுத்தோம். சேதுராமன் சார் அந்த ரத்துத் தாளைக் கோர்ட்டுத் தாள் மாதிரி நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: “டைப்ரைட்டர்ல இருந்து கம்ப்யூட்டர் வரைக்கும் முப்பது வருசமா பொட்டு வச்சவன் தம்பி நான். ஒண்ணாச்சும் என்னையக் குத்தவாளின்னு சொன்னதில்ல.”

தவசியின் கை

இனி வருகிறவர்தான் முக்கியமானவர். பெயர் தவசி, ஊர் சோழவந்தான் பக்கம். முப்பத்தைந்து வயசு இருக்கும். லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். வெல்லம் காய்ச்சுகிற இடத்தில் லோடுக்காகக் காத்திருந்தபோது, ஆள் குறைவாக இருக்கிறதே என்று கரும்பு எடுத்துக் கொடுக்கப் போயிருக்கிறார். கரும்பு பிழிகிற ஆலை வலது கையில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் எடுத்துக்கொண்டது. லாரியை விற்றாயிற்று. இப்போது அண்ணனுடன் வெற்றிலைக் கொடிக்காலில் வேலை.

அவர் மெஷினை மேசையில் வைத்துவிட்டு, வலது கையை வேட்டி மடிப்பிலிருந்து எடுக்காமலேயே பேசினார். லாரி ஓட்டுகிற கேம் ஒன்றை வாங்கியிருக்கிறார். ஆனால் ஆக்சிலேட்டர், பிரேக் எல்லாமே வலது பக்கம், கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அமுக்குகிற இடத்தில். அவருக்கு இல்லாத இரண்டு விரல்களுக்காகவே செய்த மாதிரி இருந்தது அந்த மெஷின்.

ஷாகுல் அவர் கையை வாங்கி, வளையல் கடைக்காரர் அளவு பார்ப்பது போல் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மிச்சமிருந்த மூன்று விரல்களும் மடங்கும் இடம் மெஷினின் முதுகுப் பக்கம். வலது பக்கப் பொத்தான்கள் அத்தனையையும் அங்கே கொண்டுபோனான். அதற்கென்று ஒரு சின்னப் போர்டைத் தானே செய்தான். உள்ளங்கையோடு சேர்த்துக் கட்ட ஒரு பட்டையும் வைத்தான். பத்து நாள் வேலை. நான் அந்தப் பத்து நாளும் டீ வாங்கிக் கொடுத்ததோடு சரி.

தவசி கடை ஸ்டூலில் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தார். கேமில் இருக்கிற லாரிக்கு, விற்றுவிட்ட தன் வண்டியின் பச்சை நிறத்தையே அடித்து, அதே நம்பரையும் போட்டு வைத்திருந்தார். ஒரு வளைவில் வேகத்தைக் குறைத்து, பின்னால் வந்த காருக்கு வழி விட்டார். கேமில் யாரும் அப்படி வழி விடுவதில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வயர் சுற்றிக்கொண்டிருந்தேன். அவர் நிமிராமலே சொன்னார்: “கிளட்ச்சு மட்டுந்தான்ணே இல்ல. மத்தபடி என் வண்டியேதான்.”

நாற்பத்திரண்டு பக்கம்

ஜெயசீலி டீச்சர் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தவர். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு படுக்கையில் இருந்தபோது, மகள் வாங்கிக் கொடுத்த மெஷினில் கணக்குப் புதிர் கேம்கள் ஏழு வாங்கியிருந்தார். ஒரு நாள் காலையில் எடுத்துப் பார்த்தால் ஏழில் நான்கைக் காணோம். பழுதோ என்று என்னிடம் கொண்டுவந்தார்.

மெஷினில் ஒரு பழுதும் இல்லை. அந்த கேம் செய்தவர்களுக்கும், விற்கிற ஆன்லைன் கடைக்கும் ஏதோ ஒப்பந்தம் முடிந்துவிட்டது. கடைக்காரர் அலமாரியிலிருந்து எடுக்கும்போது, ஏற்கெனவே வாங்கிப்போனவர் வீட்டு அலமாரியிலிருந்தும் சேர்த்து எடுத்துவிட்டார். அவ்வளவுதான். சிம்மக்கல்லில் எந்தப் பலசரக்குக் கடைக்காரராவது, போன மாதம் விற்ற பருப்பை என் வீட்டு அடுப்பங்கரையில் புகுந்து அள்ளிக்கொண்டு போவாரா? போனால் சும்மா விடுவோமா?

என்ன செய்வது என்று கேட்டதற்கு, வாங்கும்போது ஒப்புக்கொண்ட ஒப்பந்தத்தில் எல்லாம் எழுதியிருக்கும் டீச்சர், யாரும் படிப்பதில்லை என்றேன். அவர் மெஷினை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரம் அந்த ஒப்பந்தத்தை முழுசாக அச்செடுத்து, சிவப்பு மையால் கோடு போட்டு எடுத்து வந்தார். விடைத்தாள் திருத்துகிற அதே முகம். கடைசிப் பக்கத்தைத் தட்டிக்கொண்டே சொன்னார்: “நாப்பத்திரண்டு பக்கமும் வாசிச்சேன் தம்பி. ‘உங்களுடையது’ங்கிற வார்த்த ஒரே எடத்துலதான் வருது. ‘முழுப் பொறுப்பும் உங்களுடையது’ன்னு வருது.”

இலவச சேவை

இப்போது நான் என்னைத் திட்டிக்கொள்ள வேண்டிய இடம். வசதியாக நகர்ந்து உட்காருங்கள்.

எங்கள் கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. சட்டையைத் தைக்கக் கொடுத்தால் உதிர்ந்த பட்டனையும் சேர்த்து வைத்துக் கொடுக்கிற டெய்லர் மாதிரி, எந்த மெஷின் வந்தாலும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, பாக்கியிருக்கிற அப்டேட்டையும் போட்டுத்தான் கையில் கொடுப்பேன். காசு வாங்கமாட்டேன். ஊர்ப்பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு நல்ல வைஃபை கிடைக்காது, என் கடையில் வேகமாக இறங்கும். இதை ஒரு பெருமையாகவே வாசல் போர்டில் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தேன்.

பொத்தான் மாற்றிக் கொடுத்து எட்டு மாதம் கழித்து, பேட்டரியில் சார்ஜ் நிற்கவில்லை என்று தவசி மெஷினைக் கொடுத்துவிட்டுப் போனார். ஷாகுல் அன்றைக்கு நிக்காஹ் ஒன்றுக்குத் திண்டுக்கல் போயிருந்தான். பேட்டரி மாற்றுவது எனக்கும் தெரிந்த வேலை. மாற்றினேன், துடைத்தேன், வைஃபையில் மாட்டினேன். ‘புதிய பதிப்பு தயார். விதிமுறைகளை ஏற்கிறீர்களா?’ என்று வந்தது. ஒரு நாளைக்கு இருபது தடவை அமுக்குகிற மாதிரி அதையும் அமுக்கினேன். ஜெயசீலி டீச்சரின் சிவப்பு மை காய்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எனக்கு அது நினைவுக்கு வரவேயில்லை. மெஷின் அணைந்து, எழுந்து, முதல் திரையைக் காட்டியது. அணைத்து உறையில் போட்டு, சாயங்காலம் வந்தவரிடம் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் கடை திறக்கும் முன்பே தவசி படியில் உட்கார்ந்திருந்தார். திரையில் ஒரு வரி: ‘அங்கீகரிக்கப்படாத பாகம் கண்டறியப்பட்டது.’ பின்பக்கத்துப் பொத்தான்கள் அத்தனையும் செத்திருந்தன. அதோடு விட்டதா? மாற்றம் செய்த மெஷின் என்று, கம்பெனியில் அவர் பெயரில் இருந்த கணக்கையே முடக்கிவிட்டார்கள். வாங்கிய கேம், அதில் சேர்த்து வைத்த ஓட்டம், பச்சை லாரி, எல்லாம் பூட்டுக்குள். அந்தப் பாகத்தைக் கண்டுபிடிக்கிற வேலை புதிய பதிப்பில்தான் வந்திருந்தது. அவர் ஊரில் சிக்னல் சரியாக இல்லாததால்தான் அந்த லாரி எட்டு மாதம் ஓடியிருந்தது. அதைக் கொண்டுவந்து பலி கொடுத்தது என் வைஃபை.

அவருக்கு அது தெரியாது. பேட்டரி கோளாறு என்றே நினைத்திருந்தார். நானும் வாயைத் திறக்கவில்லை. மெஷினை என் பக்கம் நகர்த்திவிட்டுக் கேட்டார்: “பேட்டரி சேரலையோண்ணே? பழசையே வேணாப் போட்டுப் பாப்பமா?”

ஹெல்ப்லைன்

கம்பெனி ஹெல்ப்லைனுக்குப் போன் போட்டேன். ஒன்றை அமுக்கு, மூன்றை அமுக்கு, சங்கீதம் கேள், காத்திரு. அரை மணி நேரம் கழித்து ஒரு பெண் பேசினார். நல்ல தமிழ், நல்ல மரியாதை. அதனால் கத்தவும் முடியவில்லை. பழைய பதிப்புக்குத் திரும்ப முடியுமா என்றேன், முடியாது சார் என்றார். கணக்கையாவது திறந்து விடுங்கள் என்றேன். மெஷினைக் கம்பெனியின் அசல் பாகத்துக்கு மாற்றிவிட்டு, அதன் வலது பொத்தானை அமுக்கி உறுதி செய்தால் பரிசீலிப்பார்கள் என்றார்.

அசல் பாகத்தில் பொத்தான் முன்பக்கம் இருக்கிறது, அவருக்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இல்லை என்றேன். வேறு யாராவது அமுக்கலாமே சார் என்றார். அமுக்கலாம் அம்மா, அதற்கப்புறம் அவர் எதை வைத்து ஓட்டுவார் என்றேன். அந்தப் பக்கம் கீபோர்டு சத்தம் நின்றது. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “எனக்குப் புரியுது சார். ஆனா எந்தக் காரணத்துக்காக கூப்பிட்டீங்கன்னு நான் ஒண்ண செலக்ட் பண்ணணும். இந்தக் காரணத்துக்கு இங்க ஆப்ஷனே இல்ல சார்.”

சாதாரணத் திருகு

போனை வைத்தபிறகு நான் மேசையில் ஓங்கிக் குத்தினேன். கை வலித்ததுதான் மிச்சம். திண்டுக்கல்லிலிருந்து திரும்பியிருந்த ஷாகுல் எல்லாவற்றையும் கேட்டான். போர்டில் ‘அப்டேட் இலவசம்’ என்று எழுதியிருந்ததை மட்டும் ஈரத்துணியால் துடைத்தான்.

அலமாரியில் வேறொரு மெஷின் செகண்ட் ஹேண்டாக வந்து கிடந்தது. கொஞ்சம் கனம், பார்க்கவும் அழகில்லை. ஆனால் பின்பக்கம் திருப்பினால் சாதாரண பிளஸ் திருகு. எந்தப் பாகம் எங்கே இருக்கிறது என்று படம் வரைந்து அதைச் செய்தவர்களே எல்லோருக்கும் பார்க்கக் கொடுத்திருக்கிறார்கள். எந்தக் கடையில் வேண்டுமானாலும் கேம் வாங்கிப் போடலாம். முன்னது பத்து நாள் வேலை, இது ஒன்றரை நாளில் முடிந்தது. ஷாகுல் திருகுகளைக் கழற்றும்போது சந்தோஷத்தில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். இதுவும் ஒரு கம்பெனி செய்ததுதான், தர்மத்துக்குச் செய்ததில்லை. மனசு இருந்தால் திறந்து வைக்க முடியும் என்று தெரிந்தபோது, பூட்டி வைத்தவன் மேல் இருந்த ஆத்திரம் எனக்கு இரண்டு மடங்காகியது.

தவசியை வரச் சொன்னோம். அதே லாரி கேமை இதிலும் போட்டிருந்தோம். பட்டையை மாட்டிக்கொண்டு மூன்று விரலையும் மடக்கிப் பார்த்தார். வேலை செய்தது. ஆனால் திரையில் வந்தது, புதிதாக ஆரம்பிக்கிறவருக்குக் கொடுக்கிற ஒரு சின்ன வெள்ளை வேன்.

“என் வண்டி எங்கண்ணே?”

“அது பழைய கம்பெனிக் கணக்குல மாட்டிக்கிச்சு தவசி. இங்க கொண்டுவர முடியாது.”

“என்னைக்குமேவா?”

“என்னைக்குமே.”

அவர் வேனை ஓட்டவில்லை. அப்படியே நிறுத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த இடத்திலும் நான் கம்பெனியைத் திட்டிவிட்டுத் தப்பித்திருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஷாகுல் தலையைக் குனிந்து திருகு டப்பாவை அடுக்கிக்கொண்டிருந்தான், ஏற்கெனவே அடுக்கி வைத்திருந்த டப்பாவை.

“பேட்டரியில ஒரு கோளாறும் இல்ல தவசி,” என்றேன். “அப்டேட் போட்டது நான்தான். நீங்க கேக்கவே இல்ல, நானாத்தான் போட்டேன். அதுலதான் பூட்டு விழுந்துச்சு.”

அவர் வலது கையிலிருந்து பட்டையை மெதுவாகக் கழற்றினார்.

“படிச்சுப் பாத்தீகளா?”

“இல்ல. ஏத்துக்கிறீகளான்னு கேட்டுச்சு. அமுக்கிட்டேன்.”

கீழே பேப்பர் கப் கடையில் யாரோ மூட்டை இறக்குகிற சத்தம் கேட்டது. தவசி புது மெஷினை உறையில் போட்டுக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கோபமாகப் பேசவில்லை. கோபமாகப் பேசியிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். படிக்கட்டில் நின்று, திரும்பிப் பார்த்துச் சொன்னார்: “விரல் போன அன்னைக்கு ஆலைக்காரன் ஒரு பேப்பர நீட்டுனான்ணே, இனிமே எதுவும் கேக்கமாட்டேன்னு எழுதுன பேப்பரு. நானும் படிக்காமத்தான் இடது கைக் கட்டைவிரல மையில தொட்டு உருட்டுனேன். ஆனா எனக்கு ஒரு கையில ரத்தம் ஓடிக்கிட்டு இருந்துச்சு. உங்களுக்கு ரெண்டு கையும் நல்லாத்தானண்ணே இருந்துச்சு.”

இப்போதெல்லாம் எங்கள் கடையில் இலவசமாகக் கிடைப்பது திட்டு மட்டும்தான், அதிலும் கம்பெனிக்குப் போகிற பங்கு போக மீதி முழுவதும் இந்தக் கடைக்காரனுடையது.